போதையால் வரும் உளப்பிறழ்வு: நம் வீட்டில் ஒருவருக்கு வந்தால்?



ஆண்டுதோறும் படிவம் 5 மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தும்போது ஒரு வரி தவறாமல் வரும்: ‘போதைப்பொருளைப் பயன்படுத்துவதால் மனநோய் ஏற்படுகிறது.’ அவ்வளவுதான். அதற்குக் கீழே அடுத்த கருத்து தொடங்கிவிடும். நானும் அந்த வரிக்குச் சரி போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியவள்தான். எப்படி ஏற்படுகிறது, ஏற்பட்டால் வீட்டார் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு மாணவரிடமும் நான் கேட்டதில்லை. என் சித்தி வீட்டிலேயே அது நடந்தபோது எனக்கும் பதில் தெரியவில்லை.

சித்தி குடும்பம் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தது. தோட்டம் கைமாறியது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, கடைசியில் லயங்களையும் காலி செய்யச் சொன்னார்கள். ஈப்போவுக்கு அருகில் ஒரு தாமானில் வாடகை வீட்டுக்கு வந்தார்கள். சித்தி மகன், எனக்குத் தம்பி, லாரியில் உதவியாளாகச் சேர்ந்தான். எல்லாம் இரவு ஓட்டம். கொஞ்ச நாளில் அவன் தூங்குவதே குறைந்துபோனது. ராத்திரி 3 மணிக்கு மோட்டாரைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு திருகாணியாகத் துடைத்துக்கொண்டிருப்பான். “முன்ன மாதிரி இல்லம்மா, இப்ப நல்லா சுறுசுறுப்பா இருக்கான்” என்று சித்தி சந்தோஷப்பட்டார்.

பிறகு எதிர்வீட்டுக் கேமரா தன்னையே பார்க்கிறது என்றான். சன்னலுக்கெல்லாம் நாளிதழை ஒட்டினான். கைத்தொலைபேசியை வாளித் தண்ணீரில் போட்டான். கூரையிலிருந்து முதலாளியின் குரல் கேட்கிறது என்றான். சித்தி கோயிலுக்கு ஓடினார். கயிறு கட்டினார்கள், எலுமிச்சம்பழம் சுற்றினார்கள். ‘செய்வினை’ என்று சொன்ன ஒருவரிடம் காசும் போனது. அந்த நேரத்தில்தான் சித்தி எனக்குப் போன் செய்தார். “நீ படிச்சவ, நீ சொல்லும்மா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவட்டா?”

நான் சொன்னது இதுதான்: “கொஞ்சம் பொறுங்க சித்தி. தஞ்சோங் ரம்புத்தான்னு பேரு வந்துட்டா, அப்புறம் அவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?”

என் பேச்சைக் கேட்டு 4 மாதம் பொறுத்தார்கள். ஒரு ராத்திரி அவன் பாராங்கத்தியோடு வாசலில் நின்றான். யாரையும் வெட்டவில்லை. யாரோ வீட்டுக்குள் வந்து அம்மாவைக் கொல்லப் போகிறார்கள் என்று அவன் காதில் விழுந்துகொண்டிருந்தது. அம்மாவைக் காப்பாற்றத்தான் நின்றான். அன்று மருத்துவமனைக்குப் போனவனுக்கு முதல் வாரத்திலேயே குரல்கள் மங்கத் தொடங்கின. அந்த 4 மாதம் என் கணக்கில் இருக்கிறது. அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். “பேரு மட்டும் வேணாம்க்கா” என்றான்.

உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளையின் வீட்டிலும் இது நடக்கலாம். நம்மிடம் வந்து கேட்பார்கள், ஏனென்றால் நாம் ‘படிச்சவங்க’. அதற்காகவே இந்த விளக்கம்.

முதலில் சொல்லைத் தெளிவாக்குவோம்

உளப்பிறழ்வு என்பது மருத்துவர்கள் சைக்கோசிஸ் என்று அழைக்கும் நிலை. எது வெளியே உண்மையாக இருக்கிறது, எது தன் மூளை உண்டாக்கியது என்ற வேறுபாடு ஒருவருக்குத் தெரியாமல் போவதே அதன் அடிப்படை. இதற்கு மூன்று முக்கிய அடையாளங்கள் உண்டு.

ஒன்று, மாயப்புலன். இல்லாத குரல் கேட்பது, இல்லாத உருவம் தெரிவது, தோலுக்கு அடியில் பூச்சி ஊர்வதுபோல் உணர்வது. சிலர் அந்தப் பூச்சியை எடுக்கப் போய்த் தோலைப் புண்ணாக்கிக்கொள்வார்கள்.

இரண்டு, பிறழ்நம்பிக்கை. எவ்வளவு சான்று காட்டினாலும் அசையாத பொய்யான நம்பிக்கை. ‘என்னைப் பின்தொடர்கிறார்கள்’, ‘சாப்பாட்டில் விஷம் கலக்கிறார்கள்’, ‘டிவியில் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள்’ என்பன போன்றவை.

மூன்று, சிந்தனைக் குலைவு. பேச்சு ஒன்றோடொன்று ஒட்டாமல் தாவுவது.

போதைப்பழக்கமும் உளப்பிறழ்வும் ஒன்றல்ல. பழக்கம் உள்ள எல்லாருக்கும் உளப்பிறழ்வு வருவதில்லை. வந்தவர் ‘நடிக்கிறார்’ என்பதும் இல்லை. என் தம்பி கேட்ட குரல், நீங்கள் இப்போது உங்கள் வீட்டில் கேட்கும் குரலைப் போலவே அவனுக்குத் தெளிவாகக் கேட்டது.

மூளையில் என்ன நடக்கிறது?

நம் மூளையில் டோபமின் என்ற ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. மகிழ்ச்சிக்கான பொருள் என்று மட்டும் இதைச் சொல்வார்கள். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு: ‘இது முக்கியம், கவனி’ என்று அடையாளம் போடுவது. நம்மைச் சுற்றி ஆயிரம் சத்தங்கள் இருந்தாலும், நம் பெயரை யாராவது கூப்பிட்டால் உடனே திரும்புகிறோமே, அப்படி ஒன்றைத் தனியே எடுத்துக் காட்டுவதில் டோபமினுக்குப் பங்குண்டு.

பாடநூலில் முக்கியமான வரிக்கு மட்டும் கோடு போடச் சொன்னால், சில மாணவர்கள் எல்லா வரிக்கும் சிவப்புக் கோடு போட்டு வைப்பார்கள். பிறகு எது முக்கியம் என்றே தெரியாது. சியாபு என்று நாம் சொல்லும் மெத்தம்பெத்தமின் மூளையில் இதைத்தான் செய்கிறது. டோபமின் அளவுக்கு மீறிக் கொட்டுகிறது. தெருவில் போகும் மோட்டார், எதிர்வீட்டுக் கேமரா, கடைக்காரர் இருமுவது, எல்லாவற்றுக்கும் சிவப்புக் கோடு விழுகிறது. எல்லாம் முக்கியம் என்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டுமே? அந்தக் காரணத்தை மூளையே கட்டிக்கொள்கிறது: ‘என்னைப் பிடிக்க வருகிறார்கள்.’ இரண்டு மூன்று நாள் தூக்கமில்லாமல் இருப்பது இதை மேலும் கூட்டும்.

இது புதிதாகக் கண்ட நோய் அல்ல. மெத்தம்பெத்தமின் 1893-இல் ஜப்பானில் முதன்முதலாக உருவாக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அங்கே அது பரவலாகி, பலர் உளப்பிறழ்வுக்கு ஆளானார்கள். 1951-இல் அந்நாடு அதற்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்தது. 1958-இல் லண்டன் மருத்துவர் பிலிப் கானல், அதே வகையைச் சேர்ந்த ஆம்பெட்டமினால் பாதிக்கப்பட்ட 42 பேரை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். மனச்சிதைவு நோயிலிருந்து பிரித்தறிய முடியாத அளவுக்கு இந்த நிலை இருக்கும் என்பதை அவர் காட்டினார். ஆகவே நம் தோட்டத்துப் பிள்ளைக்கு வருவதும் டோக்கியோவிலும் லண்டனிலும் வந்ததும் ஒன்றுதான். சுடுகாட்டு மரத்தடியில் நடந்ததாலோ, யாரோ எலுமிச்சம்பழம் வீசியதாலோ வந்தது அல்ல.

பெரியவர்கள் ஏன் கண்டுபிடிப்பதில்லை?

தோட்டத்தில் வளர்ந்த மூத்த தலைமுறைக்குத் தெரிந்த போதை கள், சம்சு, கஞ்சா, பிறகு ஹெராயின். இவை பெரும்பாலும் ஆளைச் சாய்ப்பவை. விழுந்து கிடப்பான், தலை தொங்கும், வேலைக்குப் போகமாட்டான். சியாபும் பில் குடாவும் வேறு மாதிரி. இவை தூங்க விடாது. பசி எடுக்காது. இரவெல்லாம் வேலை செய்வான். அதனால்தான் என் சித்திக்கு அது ‘சுறுசுறுப்பு’ என்று தெரிந்தது. போதையில் இருப்பவன் இப்படித்தான் இருப்பான் என்று நம் மனத்தில் இருக்கும் படம் பழையது.

கஞ்சாவும் உளப்பிறழ்வைத் தூண்டக்கூடும். குறிப்பாகப் பதின்ம வயதில் தொடங்கி, அடிக்கடி, வீரியம் அதிகமானதைப் பயன்படுத்துவோருக்கு ஆபத்து கூடுதல். செயற்கைக் கஞ்சா அதைவிட மோசம். நம் நாட்டில் வேப் திரவத்திலேயே போதைப்பொருள் கலந்து பிடிபட்ட செய்திகளை நீங்கள் படித்திருப்பீர்கள். ‘வேப்தானே’ என்று மாணவர்கள் சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள். குடும்பத்தில் ஏற்கெனவே யாருக்காவது மனச்சிதைவு போன்ற நோய் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

மதுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல ஆண்டுகள் கடுமையாகக் குடித்த ஒருவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, வியர்த்து, இல்லாத பூச்சிகளைப் பார்த்துப் பிதற்றலாம். வலிப்பும் வரலாம். அது உயிருக்கே ஆபத்தான நிலை. ‘குடியை விட்டுட்டாரு, அதான் உடம்பு ஆடுது’ என்று வீட்டில் வைத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

எந்த அடையாளத்தைப் பார்த்தால் எழ வேண்டும்?

தொடர்ந்து பல இரவுகள் தூங்காமை; காரணமில்லாத பயம், சந்தேகம்; தனியாகப் பேசுவது, யாருக்கோ பதில் சொல்வது; சன்னலை, கதவை அடைப்பது; வீட்டார் சமைத்ததைச் சாப்பிட மறுப்பது; குளிக்காமல், வேலைக்கோ பள்ளிக்கோ போகாமல் ஒதுங்குவது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் காத்திருக்க வேண்டாம்.

சிலவற்றுக்கு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. சாகப் போகிறேன் என்று சொல்வது; யாரையாவது தாக்கச் சொல்லிக் குரல் கட்டளையிடுவது; கையில் ஆயுதம்; உடம்பு நெருப்பாகக் கொதிப்பது; நெஞ்சு வலி; வலிப்பு; நாள், இடம், ஆள் எதுவும் தெரியாத குழப்பம். இவை வந்தால் 999-க்கு அழையுங்கள்.

வீட்டில் அந்த நேரத்தில் என்ன செய்வது?

வாதாடாதீர்கள். “அங்க யாருமே இல்லடா, பைத்தியமா உனக்கு?” என்று நான் கேட்டிருக்கிறேன். அன்றிலிருந்து அவன் என்னையும் எதிரிகள் பட்டியலில் சேர்த்துவிட்டான். அதற்காக “ஆமா, எனக்கும் கேக்குது” என்று ஒத்து ஊதவும் கூடாது. பிறழ்நம்பிக்கை இன்னும் உறுதியாகும். நடுவழி ஒன்று இருக்கிறது: “எனக்குக் கேக்கல. ஆனா உனக்குக் கேக்குது, பயமா இருக்குன்னு தெரியுது. நான் பக்கத்துலதான் இருக்கேன்.” நம்பிக்கையை விட்டுவிட்டுப் பயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பயம் உண்மை.

குரலைத் தாழ்த்துங்கள். ஒருவர் மட்டும் பேசுங்கள். டிவியை அணையுங்கள். கூட்டம் கூட விடாதீர்கள். அவர் வெளியேறும் வழியை மறித்து நிற்காதீர்கள். மூலையில் மாட்டிக்கொண்டதாக நினைப்பவர் பாய்வார். கத்தி, பாராங், மோட்டார் சாவி ஆகியவற்றை முன்கூட்டியே அப்புறப்படுத்துங்கள். சின்னப் பிள்ளைகளை வேறு வீட்டுக்கு அனுப்புங்கள். கட்டிப்போடாதீர்கள், அடிக்காதீர்கள். வேறொருவருக்குக் கொடுத்த தூக்க மாத்திரையைக் கொடுக்காதீர்கள். உங்கள் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் வெளியே போய்விட்டு அழையுங்கள். அது அவரைக் கைவிடுவது ஆகாது.

கோயிலுக்குப் போகலாமா என்று கேட்பார்கள். தாராளமாகப் போகலாம். சாமி கும்பிடுவது அம்மாவின் மனத்துக்குத் தெம்பு. ஆனால் மருத்துவமனைக்குப் பதிலாகக் கோயில் என்று ஆகிவிடக் கூடாது. இரண்டும் ஒரே நாளில் நடக்கட்டும். பட்டினி போடுவது, அடித்து ஓட்டுவது, மாத்திரையை நிறுத்தச் சொல்வது இவற்றைச் செய்பவரிடம் மட்டும் போகாதீர்கள். சிகிச்சை தாமதமாகத் தாமதமாக மீள்வது கடினமாகிறது என்பதை உளப்பிறழ்வு பற்றிய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

பேராக்கில் எங்கே போவது?

அவசரமானால் அருகிலுள்ள அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவு. ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை இருக்கிறது. சுங்கை சிப்புட், பத்து காஜா, தைப்பிங், தெலுக் இந்தான் பக்கம் இருப்பவர்கள் அங்குள்ள அரசாங்க மருத்துவமனைக்குப் போகலாம். அவ்வளவு அவசரம் இல்லையென்றால் கிளினிக் கெசிஹாத்தானில் தொடங்குங்கள். குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். அங்குள்ள மருத்துவர் பார்த்துவிட்டு, தேவையென்றால் மனநல நிபுணருக்குக் கடிதம் கொடுப்பார். பேசி ஆறுதலும் வழியும் கேட்க, சுகாதார அமைச்சின் ஹீல் சேவை எண் 15555.

இனி, நான் பயந்த அந்தப் பெயருக்கு வருவோம். தஞ்சோங் ரம்புத்தானில் இருப்பது உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. 1911-இல் ஆங்கிலேயர் காலத்தில் திறக்கப்பட்டபோது அதன் பெயரிலேயே ‘பைத்தியம்’ என்ற பொருள் தரும் சொல் இருந்தது. பிறகு மத்திய மனநல மருத்துவமனை ஆனது. 1971-இல் பஹாகியா, அதாவது ‘மகிழ்ச்சி’ என்று பெயர் மாற்றினார்கள். மருத்துவமனை தன் பெயரை மாற்றி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. நாம்தான் இன்னும் வகுப்பறையில், “உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்” என்று கேலி செய்கிறோம். அந்தக் கேலியைப் பள்ளியில் கேட்டு வளர்ந்த பிள்ளைதான், பிறகு ஆசிரியை ஆகி, தன் சித்தியிடம் ‘பொறுங்க’ என்று சொன்னது. ஓர் ஊரின் பெயரை வசவாக்கியதற்கு நாம் கொடுக்கும் விலை இது. இன்று அங்கே போகிறவர் எல்லாரும் வருடக்கணக்கில் உள்ளே இருப்பதில்லை. வெளிநோயாளியாக வந்து மருந்து வாங்கிப் போகிறவர்கள் உண்டு. சில வாரம் தங்கித் திரும்புகிறவர்கள் உண்டு.

வர மறுத்தால்? 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 2010 முதல் நடப்பில் இருக்கிறது. ஒருவர் தானே விரும்பிச் சேரலாம். அவருக்குத் தன் நிலை புரியாதபோது, உறவினர் எழுத்து மூலம் விண்ணப்பித்து, நேரில் பரிசோதித்த மருத்துவரின் பரிந்துரையோடு சேர்க்கலாம். தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிப்பார் என்ற நிலை இருந்தால், போலீசாரும் சமூகநல அதிகாரியும் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக அச்சட்டம் இடம் தருகிறது. போலீசை அழைக்கும்போது, “எங்க பையனுக்கு மனநிலை சரியில்ல, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்” என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். தற்கொலைக்கு முயல்வது 2023 முதல் நம் நாட்டில் குற்றமாகக் கருதப்படுவதில்லை. அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லலாம்.

ஆசிரியர்கள் உதவக்கூடிய ஓர் இடம் இங்கே இருக்கிறது. பதற்றத்தில் இருக்கும் அம்மாவால் மலாயிலோ ஆங்கிலத்திலோ வரிசையாகச் சொல்ல முடியாது. ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: தூக்கம் எப்போது குறைந்தது, என்ன சொல்கிறார், என்ன கேட்கிறது என்கிறார், எந்தப் போதைப்பொருள், கடைசியாக எப்போது, வேறு நோய் உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறார், குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா. எந்தப் பொருள் என்பதை மறைக்காதீர்கள். மருத்துவர் கேட்பது சிகிச்சையைத் தீர்மானிக்க. மறைத்தால் தவறான பாதையில் தேடுவார்.

சிகிச்சை எப்படி இருக்கும்?

முதலில் வேறு காரணம் உண்டா என்று பார்ப்பார்கள். தலையில் அடி, காய்ச்சல், இரத்தத்தில் சர்க்கரை குறைவு ஆகியவையும் இப்படிக் குழப்பத்தை உண்டாக்கும். இரத்தமும் சிறுநீரும் எடுப்பார்கள். பதற்றத்தைத் தணிக்கவும் தூங்க வைக்கவும் ஒரு வகை மருந்து. குரலையும் சந்தேகத்தையும் குறைக்க உளப்பிறழ்வு எதிர்மருந்து. குளோர்புரோமசின் என்ற முதல் மருந்து 1952-இல் பாரிஸில் பயன்பாட்டுக்கு வந்தது. இப்போது ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் என்று பல உண்டு. டோபமின் போடும் அந்தச் சிவப்புக் கோடுகளைக் குறைப்பதுதான் இவற்றின் முக்கிய வேலை.

சிலருக்குக் கழுத்து இறுகும், கை நடுங்கும், எடை கூடும். “மருந்து சாப்பிட்டு ஆளே மாறிட்டான்” என்று வீட்டார் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம்.

பொருளை நிறுத்திச் சிகிச்சையும் கிடைத்தால், பெரும்பாலோருக்குச் சில நாள் முதல் சில வாரத்துக்குள் குரல்கள் அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் தொடர்ந்தால் வேறு மனநோய் அடியில் இருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, போதையால் உளப்பிறழ்வு வந்தவர்களில் ஏறக்குறைய 4 பேரில் ஒருவருக்குப் பின்னாளில் மனச்சிதைவு கண்டறியப்பட்டது. அதனால்தான் ‘நல்லாயிட்டான்’ என்று தவணைத் தேதியை விட்டுவிடக் கூடாது. ஒருமுறை வந்தவருக்கு, அடுத்த முறை குறைந்த அளவு போதைப்பொருளே போதும், அதே பயம் திரும்பிவிடும். என் தம்பிக்கும் ஒருமுறை திரும்பியது. பழைய லாரி நண்பர்களோடு ஒரு வாரக் கடைசி, அவ்வளவுதான். ஆனால் இந்த முறை சித்தி 4 மாதம் காத்திருக்கவில்லை. மறுநாள் காலையிலேயே கூட்டிப் போனார்.

இரண்டு நோய்களுக்கும் சிகிச்சை வேண்டும் என்பதை அப்போதுதான் நாங்கள் புரிந்துகொண்டோம். உளப்பிறழ்வுக்கு மாத்திரை உண்டு. சியாபுப் பழக்கத்துக்கு அப்படி ஒரு மாற்று மருந்து இல்லை. நம் நாட்டில் 2005 முதல் கொடுக்கப்படும் மெத்தடோன் ஹெராயின் வகைக்குத்தான். சியாபுக்கு ஆலோசனை, நடத்தைச் சிகிச்சை, குடும்பத்தின் துணை, வேலை மாற்றம், நண்பர் வட்ட மாற்றம் இவைதான் மருந்து. தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனமான ஏஏடிகே-இடம் தானே முன்வந்து சிகிச்சை கேட்கவும் சட்டத்தில் வழி உண்டு.

நான்காவது ஆள்

திருக்குறளில் ‘மருந்து’ 95-ஆம் அதிகாரம். அதன் கடைசிக் குறள், 950, மருத்துவம் நான்கு கூறுகளால் ஆனது என்கிறது: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பார்த்துக்கொள்பவர். இந்த நான்காவது ஆளை நாம் பாடத்தில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுவோம். இந்த நோயில் முதலில் கண்டுபிடிப்பவர், மருத்துவமனைக்கு நடத்திச் செல்பவர், மாத்திரை நேரத்தை நினைவூட்டுபவர், தவணைக்கு உடன் போகிறவர் எல்லாம் அவர்தான்.

அந்த நான்காவது ஆளும் மனுஷன்தான். சித்தி 6 கிலோ இளைத்துப்போனார். தூக்கம் இல்லை, அக்கம்பக்கத்தில் பேச்சு. ‘என் வளர்ப்புதான் சரியில்லையோ’ என்று அழுவார். பெற்றோரிடம், “உங்க வளர்ப்பால வந்த நோய் இல்ல” என்று ஒருவராவது சொல்ல வேண்டும். முறை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவரே எல்லாவற்றையும் சுமந்தால் அவரும் விழுவார்.

மாணவர்களுக்கு: கட்டுரையில் இதை எப்படி எழுதுவது?

தலைப்பு போதைப்பொருளாக வந்தால் ‘கடும் தண்டனை வழங்க வேண்டும்’ என்பதோடு எல்லாரும் முடிப்பார்கள். நீங்கள் சிகிச்சைக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். காரணம், விளைவு, தீர்வு என்ற வரிசையில் எழுதினால் கருத்து முழுமை பெறும். ஒரு மாதிரி:

‘சியாபு போன்ற போதைப்பொருள்கள் மூளையில் டோபமின் சுரப்பை அளவுக்கு மீறித் தூண்டுகின்றன. இதனால், பயன்படுத்துபவர் இல்லாத குரலைக் கேட்பதோடு, பிறர் தம்மைத் தாக்க வருவதாகவும் நம்பத் தொடங்குகிறார். இந்நிலை உளப்பிறழ்வு எனப்படுகிறது. குடும்பத்தினர் இதைப் பேய் பிடித்ததாகவோ அவமானமாகவோ கருதி மறைத்தால் நோய் முற்றும். மாறாக, தொடக்கத்திலேயே மருத்துவமனையை நாடினால் பெரும்பாலோர் மீண்டு வர இயலும்.’

‘பைத்தியம்’, ‘போதைப் பித்தன்’ போன்ற சொற்களைத் தவிர்த்து, ‘உளப்பிறழ்வுக்கு ஆளானவர்’, ‘போதைப்பழக்கத்துக்கு அடிமையானவர்’ என்று எழுதுங்கள். உங்கள் வீட்டிலேயே ஒருவர் இப்படி இருந்தால், அதைத் தனியாகச் சுமக்காதீர்கள். பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடமோ நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடமோ சொல்லுங்கள். அப்படிச் சொல்வது காட்டிக்கொடுப்பது ஆகாது.

ஆசிரியர்களே, என் தம்பி இப்போது பகல் வேலைக்குப் போகிறான். மாத்திரை தொடர்கிறது. மாதத்தில் ஒருநாள் சித்தி அவனோடு தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போய்வருகிறார். யாராவது எங்கே என்று கேட்டால் ஊரின் பெயரை மறைக்காமலே சொல்கிறார். ஒருநாள் உங்கள் பள்ளி வாசலில் ஓர் அம்மா வந்து, “டீச்சர், எம்புள்ள ரெண்டு வாரமா தூங்கல, தனியா பேசுறான்” என்று சொல்லலாம். ‘கொஞ்சம் பொறுங்க’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். “நாளைக்குக் காலையில கிளினிக் போவோம்மா, நானும் வரேன்” என்று சொல்லுங்கள்.